பரிசுப் பொதிவு: போடி, குரங்கணி மலைச்சரிவு

சூழலுக்குக் கேடில்லாத பரிசுப் பொதிவு என்பது, பிரித்த மறுநாளே குப்பைக்குப் போகாமல் திரும்பப் பயன்படும் பொருளிலோ மண்ணோடு மட்கும் பொருளிலோ பரிசைப் பொதிந்து தருவது. தமிழகத்தில் இதற்குப் பழைய வடிவங்கள் பல: சீர்த்தட்டு, தூக்குவாளி, ஓலைக் கொட்டான், தாம்பூலப் பை. இவற்றில் உறையும் பரிசின் ஒரு பகுதி. ஜிகினாத் தாள் பின்னால் வந்தது.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரும், அதற்கு மேலே குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளும் ஏலக்காய், காப்பி, மிளகு, தேயிலை சார்ந்த பகுதி. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்காய் ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. சரக்குப் பொதிகள் இந்தச் சரிவுக்குப் புதியவை அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, ரோப்வேயில் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கிப் போடிக்குப் போனது. 1924 வெள்ளத்தோடு அந்த ரயில் முடிந்தது.

பண்டிகைக்கு இங்கிருந்து கொண்டுபோக ஏலக்காயைவிடப் பொருத்தமான பரிசு இல்லை. ஆனால் அதைப் பொதிவதில் ஒரு சிக்கல் உண்டு. ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காடு வரை இறங்கும்படி உலர்த்திய காய், ஈரக்காற்று பட்டால் நமத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் வெளுக்கும். கருப்பு பாலித்தீன் உள்ளுறை போட்ட சாக்கில் அதைச் சேமிப்பது இதனால்தான். ஆகவே வெறும் துணிப்பையில் முடிந்து கொடுத்த ஏலக்காய் நல்ல எண்ணத்தோடு கெடுத்த பரிசு. இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவோ கண்ணாடிப் பாட்டிலோ உள்ளே இருக்க, துணி வெளியே வரவேண்டும். பாட்டில் உடையாமலிருக்கத் தெர்மாகோல் தேவையில்லை. போடிப் பகுதியில் விளையும் இலவம் பஞ்சை அணைவாக வைக்கலாம், பிறகு அது தலையணைக்குள் போய்விடும்.

சட்டமும் இந்தப் பக்கமே தள்ளுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உள்ளது. 2022 ஜூலை 1-இல் வந்த நாடு தழுவிய தடை இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் ஆகியவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளையும் சேர்த்துக்கொண்டது. ஜிகினா கிஃப்ட் பேப்பர் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. இது பெரிய ஓட்டைதான். அந்தத் தாளை அடையாளம் காண்பது எளிது. கையில் கசக்கிவிட்டால் கசங்கியபடியே கிடப்பது காகிதம்; தானாக விரிந்துகொள்வது பிளாஸ்டிக் கலந்தது, பழைய பேப்பர்க் கடைக்கு உதவாது.

2021 டிசம்பர் 23-இல் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த மாதமே, 2022 பொங்கலுக்கு, சுமார் 2.15 கோடி குடும்ப அட்டைதாரர்களுக்கான பரிசுத் தொகுப்பில் ஏலக்காயோடு துணிப்பையும் இடம்பெற்றது. ஜப்பானில் இதே வேலையைச் செய்வது ஃபுரோஷிகி என்னும் சதுரத் துணி. 2006-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே அதை மீண்டும் பரப்ப முயன்றார். நம் ஊர்த் துண்டில் கட்டும் மூட்டைக்கு அப்படி ஓர் அமைச்சர் வாய்க்கவில்லை.

பனை ஓலைப் பெட்டி சமவெளிச் சரக்கு. தென்மாவட்டங்களில் கருப்பட்டிக்கும், செட்டிநாட்டில் மணிவேலை செய்த சீர்க் கொட்டானாகவும் புழங்குவது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மலைப் பனியில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் குரங்கணிப் பக்கம் அதை நன்றாகக் காயவைத்தே பயன்படுத்தவேண்டும். டேப்புக்குப் பதில் வாழைநார் போதும். தேனி மாவட்டத்தில் வாழைக்குப் பஞ்சமில்லை. செய்தித்தாள் புத்தகத்துக்கும் பாத்திரத்துக்கும் சரி. தின்பண்டத்தை நேரடியாக அதில் மடிப்பது அச்சு மையால் ஆகாது.

புதுத் துணிப்பையும் இலவசமாக விளைவதில்லை. பருத்திக்கு நீர் நிறைய வேண்டும். பலமுறை பயன்பட்டால்தான் அது பிளாஸ்டிக் பையைவிட மேல். ஒவ்வொரு கல்யாணத்திலும் சேரும் தாம்பூலப் பைகளையே அடுத்த பரிசுக்கு உறையாக்கலாம். அவற்றில் மணமக்கள் பெயர் அச்சாகியிருப்பது உறுத்தினால், உட்புறத்தை வெளியே திருப்பிக்கொள்ளலாம்.