பதினைந்து வயதில் ஒரு மிஷனரி

வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்பு நிறப் பெயர்ப்பட்டை, எப்போதும் கூடவே இன்னொரு இளைஞன். மார்மன் மிஷனரி என்றதும் பல நாட்டு மக்களுக்கும் நினைவுக்கு வருவது இந்த ஜோடிதான். 2012 முதல் ஆண்கள் 18 வயதிலேயே இந்தப் பணிக்குப் போகலாம். இரண்டு வருடம், சம்பளம் கிடையாது. காலையில் எழுவது முதல் இரவு படுப்பது வரை எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. போவதற்கு முன் பயிற்சியும் உண்டு.

இவை எதுவுமே இல்லாத காலத்தில், அதுவும் 15 வயதில், கடல் தாண்டி அனுப்பப்பட்டவன் ஜோசப் எஃப். ஸ்மித். மார்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் தம்பி அல்ல, அண்ணன் மகன். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்வார்கள்.

1838ல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தான். 1844ல், அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது, இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் அவனுடைய அப்பா ஹைரமையும் சித்தப்பா ஜோசப்பையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அம்மா மேரி ஃபீல்டிங் குழந்தைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு 1848ல் யூட்டாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். நான்கே வருடத்தில் அவரும் இறந்துவிட்டார். 13 வயதில் அவன் அனாதை.

கோபம் அதிகம். தங்கையை வாரால் அடிக்கப் போன பள்ளி ஆசிரியரை அவன் திருப்பி அடித்துவிட்டான் என்பது பின்னாளில் அவரே சொன்ன கதை. அதோடு படிப்பு முடிந்தது! 1854 ஏப்ரலில் நடந்த சபை மாநாட்டில் மிஷனரிகளின் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. விண்ணப்பிப்பது, ஊரைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. போகச் சொன்னால் போக வேண்டியதுதான். போக வேண்டிய இடம் ஹவாய்.

சபை கப்பல் கட்டணம் தராது. கலிஃபோர்னியாவில் கூரை வேயும் மரப்பலகைகள் செய்யும் வேலையில் கூலி சம்பாதித்துத்தான் பயணச் செலவைச் சமாளித்தான். செப்டம்பரில் ஹொனலூலுவில் இறங்கியபோது 16 வயது நிறையவில்லை.

அவன் அனுப்பப்பட்டது மாவுயி தீவில் உள்ள குலா என்ற மலைச்சரிவுக்கு. பேச ஒரு வார்த்தை தெரியாது. போன கொஞ்ச நாளில் கடும் காய்ச்சல். மனுஹீ என்ற ஹவாய்ப் பெண்மணி அவனைத் தன் வீட்டில் வைத்து, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். தேறி எழுந்தவன் சுமார் நூறு நாளில் ஹவாய் மொழியில் பேசவும் பிரசங்கம் செய்யவும் கற்றுக்கொண்டான். கடவுள் தந்த வரம் என்று அவன் நம்பினான். அந்த வீட்டுச் சாப்பாடும் பேச்சும் அதில் பாதிப் பங்கு வகித்திருக்கும் என்று சொன்னால் தவறாகாது.

மொழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மார்மன் மிஷனரி 1853 ஜூலையில் சென்னைக்கு வந்தார். பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் மத்தியிலேயே பிரசங்கித்தார், துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார். விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே சேர்ந்தார்கள். ஒரு வருடத்தில் திரும்பிவிட்டார். ஹவாயிலோ, 1850ல் வந்த முதல் குழுவில் சிலர் வெள்ளையர் கேட்கவில்லை என்று ஊர் திரும்பியபோது, ஜார்ஜ் கியூ. கேனன் என்பவர் தங்கி உள்ளூர் மொழியைக் கற்றார். ஜோனத்தன் நபேலா என்ற ஹவாய்க்காரரின் உதவியோடு மார்மன் நூலையே மொழிபெயர்த்தார். அங்கே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர்.

சரி, சிறுவனின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? கையில் காசில்லாமல் ஊர் ஊராக நடப்பது. யார் வீட்டில் இடம் தருகிறார்களோ அங்கே தூங்குவது. சேப்பங்கிழங்கு வகையைச் சேர்ந்த ஒரு கிழங்கை வேகவைத்து இடித்துச் செய்யும் 'போய்' தான் சாப்பாடு. சில நாள் அதுவும் இல்லை. லானாய் தீவில் ஒரு வீடு தீப்பிடித்ததில் அவனுடைய துணிமணி, புத்தகங்கள், அதுவரை எழுதிய நாட்குறிப்பு எல்லாம் சாம்பலாயின. அவனுக்கும் சக மிஷனரிக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல உடைதான் இருந்ததாம். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனால், மற்றவர் வரும்வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும்!

1856, 57ம் வருட நாட்குறிப்புகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இருப்பது புனிதர் அல்ல. தனிமை, எரிச்சல், ஹவாய் மக்களைப் பற்றிய கடுமையான வார்த்தைகள் எல்லாம் உண்டு. தனக்குச் சோறு போட்டவர்களையே அவன் தாழ்வாகப் பார்த்தான் என்பதை மறைக்க முடியாது. சபையும் அந்த நேரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. சேர்ந்தவர்களில் பலர் விலகிப் போனார்கள். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவனுடைய கடைசி இரண்டு வருடமும் தோல்விதான்.

ஆனால் அவனுக்குள் ஏதோ நடந்தது. அங்கே கண்ட ஒரு கனவை 1918ல், கிழவராக, அவர் சொன்னார். எங்கோ அவசரமாகப் போகிறான். வழியில் குளித்து, சுத்தமான வெள்ளை உடை உடுத்திக்கொண்டு போய்ச் சேர்கிறான். தாமதமாக வந்துவிட்டாய் என்கிறார் சித்தப்பா. தாமதம்தான், ஆனால் சுத்தமாக வந்திருக்கிறேன் என்கிறான் அவன். கந்தலும் பசியுமாக இருந்த பையனுக்கு அந்தக் கனவுக்குப் பிறகு யாரைக் கண்டும் பயமில்லாமல் போயிற்று; அதுதான் தன்னை ஆணாக்கியது என்றார் அவர்.

1857ல் அமெரிக்கப் படை யூட்டாவை நோக்கி வந்ததால் மிஷனரிகள் திரும்ப அழைக்கப்பட்டனர். 19 வயதில் ஊர் திரும்பியவர் 1901ல் சபையின் தலைவரானார். பலதார மண விவகாரத்தில் அவர் மீது எழுந்த சர்ச்சைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஹவாய் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. 1889ல் யூட்டாவில் ஹவாய்க்காரர்கள் குடியேறிய ஊருக்கு, அவர்கள் நாவில் அவர் பெயர் ஒலித்தபடியே 'இயோசெபா' என்று பெயர் வைத்தார்கள். 1915ல் ஹவாயின் லாயியே என்ற ஊரில் கோயில் கட்டும் இடத்தை அவரே அர்ப்பணித்தார். 1918ல் இறந்துவிட்டதால் கட்டி முடித்ததைப் பார்க்கவில்லை.

தலைவரானபின் அவர் ஹவாய்க்கு வந்த ஒரு தடவை, துறைமுகத்துக்கு ஒரு கண் தெரியாத கிழவி 'இயோசெபா' என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். கையில் கொஞ்சம் வாழைப்பழம், கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை. அது மனுஹீ. அவர் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு அம்மா, அம்மா என்று அழுததாக உடன் சென்ற நண்பர் எழுதியிருக்கிறார்.

கொடுக்க வந்தவன் என்று அனுப்பப்பட்ட பையன், அந்தத் தீவுகளில் வாங்கிக்கொண்டதுதான் அதிகம். நாட்குறிப்பில் தாழ்வாக எழுதிய மக்களில் ஒருவரை அம்மா என்று கூப்பிட அவருக்கு ஓர் ஆயுள் ஆயிற்று. ஆன்மிக வளர்ச்சி என்பது இந்த வேகத்தில்தான் நடக்கும் போலிருக்கிறது.