செயற்கைக் கணுக்கால் பிறந்த கதை

1970-இல் பிரான்சில் லோர், மரோட் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், இடுப்பு மூட்டுக்கென்று செய்யப்பட்ட உலோகத் தண்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அதன் நீளமான காம்பை நோயாளியின் முன்கால் எலும்புக்குள் கீழிருந்து மேலாகச் செலுத்தினார்கள். கணுக்காலின் நடுவே இருக்கும் தாலஸ் எலும்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, குதிகால் எலும்பில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சிமெண்ட் வைத்துப் பதித்தார்கள். முழுக் கணுக்கால் மாற்று அறுவை இப்படித்தான் தொடங்கியது. பத்தாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வைத்த 25 மூட்டுகளில் 12 தோற்றிருந்தன. திருப்தியாக இருந்தவை ஏழுதான். அந்தக் கணக்கை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதற்காகவே அவர்களை மதிக்கத் தோன்றுகிறது. பின்னால் வந்தவர்களுக்கு அந்தத் தோல்விதான் முதல் பாடம்.

இடுப்பு மூட்டை ஏன் கணுக்காலில் வைத்துப் பார்த்தார்கள்? அந்தக் காலத்தில் எலும்பு மருத்துவ உலகமே இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962-இல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சேர்த்து வைத்த இடுப்பு மூட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை எழுந்து நடக்க வைத்தது. உலோகம், பிளாஸ்டிக், சிமெண்ட் மூன்றும் இருந்தால் எந்த மூட்டையும் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு இணங்கியது. கணுக்கால் இணங்கவில்லை.

கணுக்காலின் அமைப்பே வேறு. முன்கால் எலும்பும் அதன் பக்கத்து மெல்லிய எலும்பும் சேர்ந்து மூன்று பக்கம் அடைத்த ஒரு பொருத்துவாயை உண்டாக்குகின்றன. தச்சர் துளைக்குள் கழுந்தை இறக்குவதுபோல் அதற்குள் தாலஸ் அமர்கிறது. தாலஸில் ஒரு தசைகூட ஒட்டுவதில்லை. அதன் மேற்பரப்பில் பாதிக்கு மேல் குருத்தெலும்புதான் என்பதால் ரத்தக்குழாய் நுழையும் வழிகளும் குறைவு. ஆரோக்கியமான மனிதர் ஓர் அடி எடுத்து வைக்கும்போது உடல் எடையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு பாரம் இந்தச் சிறிய பரப்பின் மீது இறங்குகிறது. அதைத் தாங்கும் குருத்தெலும்பு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன். ஆனாலும் முழங்காலும் இடுப்பும் தேயும் வயதில் கணுக்கால் பெரும்பாலும் தேயாமல் இருக்கிறது. பொருத்தம் அவ்வளவு கச்சிதம்.

அந்தக் கச்சிதம் கலைந்தால்தான் ஆபத்து. 1976-இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாலஸ் வெளிப்பக்கம் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது என்று அது காட்டியது. பாரம் குறைவதில்லை, தாங்கும் இடம்தான் சுருங்குகிறது. எலும்பு முறிந்து சற்றே கோணலாக ஒட்டிய கணுக்கால், அடிக்கடி பிசகி நார்கள் தளர்ந்துபோன கணுக்கால், இரண்டும் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில், கணுக்கால் முற்றிலும் தேய்ந்த 639 பேரைப் பற்றி 2005-இல் வெளியான கணக்கில் 70 சதவீதம் பேருக்குக் காரணம் பழைய அடிதான். முடக்குவாதம் 12 சதவீதம். காரணம் சொல்ல முடியாத வெறும் தேய்மானம் 7 சதவீதம். முழங்கால் தேய்மானத்தை வயதின் கணக்கில் எழுதுவதுபோல் கணுக்காலையும் எழுதுவது தவறு என்று இந்த எண்களைப் பார்த்தாலே புரியும். வயதானவர்களுக்கு வருவது என்று நாம் ஒதுக்கும் வலி, இங்கே நாற்பது, ஐம்பது வயதில் ஓடியாடி உழைப்பவர்களைப் பிடிக்கிறது. பைக்கிலிருந்து விழுந்தவர், ஏணியிலிருந்து சறுக்கியவர், மாவுக்கட்டைப் பிரித்ததும் வேலைக்குப் போனவர்: இவர்களுக்காகத்தான் அந்தச் செயற்கை மூட்டு தேவைப்பட்டது.

அதற்கு முன்பு இருந்த ஒரே பெரிய வழி, மூட்டை ஒட்டிவிடுவது. 1870-களின் இறுதியில் ஆஸ்திரியாவில் எட்வர்ட் ஆல்பர்ட் என்ற மருத்துவர், வாதம் தாக்கிக் கால்கள் துவண்டுபோன ஒரு சிறுமிக்கு மூட்டுகளை ஒட்டவைத்து நிற்க வழிசெய்தார். தேய்ந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் ஒன்றாக வளரவிட வேண்டும். வளர்ந்தால் அசைவு போகும், அதோடு வலியும் போகும். எலும்பை மேலும் கீழும் கம்பியால் பிடித்து அழுத்தி வைத்தால் சீக்கிரம் ஒட்டும் என்று 1951-இல் கணுக்காலில் காட்டியவரும் அதே சார்ன்லிதான். இன்று அழுத்தும் வேலையை ஸ்க்ரூக்கள் செய்கின்றன, பல இடங்களில் சிறு துளை வழியாகவே.

மூட்டு ஒட்டியவர் நொண்டுவார் என்று பலர் நினைக்கிறார்கள். சரியான கோணத்தில் ஒட்டிய கால் செருப்புப் போட்டுச் சமதரையில் நன்றாகவே நடக்கும். பாதத்தின் நடுப்பகுதி மூட்டுகள் கொஞ்சம் கூடுதலாக வளைந்து ஈடுகொடுக்கின்றன. அந்த ஈடுக்கு ஒரு விலை உண்டு. அதே ஐயோவா பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அடிபட்டுத் தேய்ந்த கணுக்காலை ஒட்டிக்கொண்ட 23 பேரைச் சராசரியாக 22 ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குப் பாதத்தின் அக்கம்பக்க மூட்டுகள் தேய்ந்திருந்தன. செயற்கை மூட்டைத் தேடியவர்களை விடாமல் துரத்தியது இந்தக் கவலைதான்.

1970-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புதுப்புது வடிவங்கள் வந்தன. ஒரு சாரார் கதவுக் கீல்போல் ஒரே திசையில் மட்டும் அசையும்படி இறுக்கமாகச் செய்தார்கள். கணுக்கால் மடங்கும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும் என்பதால், அந்த முறுக்கு எல்லாம் சிமெண்டின்மேல் விழுந்து மூட்டு ஆடத் தொடங்கியது. இன்னொரு சாரார் தாராளமாக அசையவிட்டார்கள். அங்கே மூட்டு நிலைகொள்ளவில்லை. இரு சாராருக்கும் பொதுவான பிழை ஒன்று இருந்தது. பெரிய துண்டுகளை வைக்க எலும்பை நிறைய வெட்டினார்கள். முன்கால் எலும்பின் அடிநுனி ஓரத்தில்தான் கெட்டி, சற்று உள்ளே போனால் பஞ்சு. வெட்ட வெட்ட மூட்டு பஞ்சில் போய் உட்கார்ந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் வைத்த 204 மூட்டுகளில், பத்தாம் ஆண்டில் தாக்குப்பிடித்தவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கணுக்காலை மாற்ற முயல்வதே வீண் என்று எண்பதுகளில் பெரிய மருத்துவர்கள் பலர் எழுதிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், 1962-இலேயே ஐயோவாவில் கேரல் லார்சன் ஒருவருக்குத் தாலஸின் மேற்பரப்பை மட்டும் மூடும் ஓர் உலோகத் தொப்பியைப் பொருத்தியிருந்தார். நாற்பது ஆண்டு கழித்து 2002-இல் அது நன்றாக வேலை செய்கிறது என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். எலும்பை வெட்டி எறியாமல் தேய்ந்த மேற்பரப்பை மட்டும் மூடுவது என்ற விடை, கேள்வி எழுவதற்கு முன்பே ஒரு காலுக்குள் இருந்திருக்கிறது.

அந்த வழியில் நிதானமாக நடந்தவர் கோபன்ஹேகனின் ஹாக்கன் கோஃபோட். எலும்பைக் குறைவாக வெட்டு, பக்கவாட்டு நார்களைக் காப்பாற்று, மூட்டைத் தாங்குவது அந்த நார்களின் வேலை என்பது அவர் வழி. 1981-இல் தன் முதல் மூட்டை வைத்தார். 1986-இல் உலோகத் துண்டுகள் இரண்டுக்கும் நடுவே, எதிலும் ஒட்டாமல் நழுவும் ஒரு பாலிஎத்திலீன் துண்டைச் சேர்த்தார். முறுக்கு அந்தத் துண்டிலேயே தீர்ந்துவிடும், எலும்புக்குப் போகாது. 1990-இல் சிமெண்டையும் விட்டார். எலும்பே உலோகத்தின்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ளும்படி பரப்பைச் செய்தார். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கு அனுமதி தந்தது 2009-இல். இடைப்பட்ட காலத்தில் சவுத் டக்கோட்டாவில் ஃபிராங்க் ஆல்வின், சுவிட்சர்லாந்தில் பீட் ஹின்டர்மன் என்று வேறு பலரும் தங்கள் வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். நடுத்துண்டு நழுவ வேண்டுமா, பொருந்தி நிற்க வேண்டுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

கணுக்கால் தேய்ந்த எல்லோரும் கத்திக்குப் போக வேண்டும் என்பதில்லை. முதலில் உடல் எடை, ஏனென்றால் குறையும் ஒவ்வொரு கிலோவும் மூட்டில் பல மடங்காகக் குறைகிறது. அடிப்பாகம் முன்னும் பின்னும் வளைந்த செருப்பு, கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பட்டை, பிசியோதெரபி, வலி மாத்திரை இவற்றிலேயே பல ஆண்டுகளைக் கடப்பவர்கள் இருக்கிறார்கள். கால் கோணலாகி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், முன்கால் எலும்பை வெட்டி நேராக்கி, நல்ல குருத்தெலும்பின் பக்கம் பாரத்தை மாற்றலாம். ஜப்பானின் நாராவில் தகாகுரா இதை வளர்த்தெடுத்தார். சொந்த ரத்தத்தைப் பிரித்து மூட்டில் செலுத்தும் பிஆர்பி ஊசிக்குப் பெருந்தொகை கேட்டால் யோசியுங்கள். நெதர்லாந்தில் கணுக்கால் தேய்ந்த 100 பேரிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், அது வெறும் உப்புநீர் ஊசியைவிட மேலாக வேலை செய்யவில்லை.

இதெல்லாம் போதாமல்போனால் ஒட்டுவதா, மாற்றுவதா? இங்கிலாந்தில் 50 முதல் 85 வயதுவரை உள்ள சுமார் 300 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தன. இது மேல், அது கீழ் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. மாற்றியவர்களுக்குப் புண் ஆறுவதில் தொல்லை அதிகம், ஒட்டியவர்களில் சிலருக்கு எலும்பு ஒட்டவே இல்லை. அதனால் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பாரம் சுமக்கும் நாற்பது வயதுக்காரருக்கு ஒட்டுவதைச் சொல்வார்கள். அக்கம்பக்க மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்த, அளவாக நடமாடும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு மாற்று மூட்டு பொருந்தலாம். வைத்த மூட்டு என்றாவது தளர்ந்தால் அதைக் கழற்றிவிட்டு, வேறு எலும்பை நிரப்பி ஒட்டிக்கொள்ள வழியிருக்கிறது. ஒட்டிய காலைப் பிரித்து மூட்டு வைப்பது அரிது. எந்த வழி என்று டாக்டரிடம் பேசும்போது இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.