வளையமும் வள்ளமும்

வள்ளத்தின் பின்புறத்தில் பூட்டப்படும் மோட்டாரின் அடிப்பாகம், வேலை செய்யும் நேரம் முழுவதும் நீருக்குள்ளேயே கிடக்கிறது. விசிறியைச் சுழற்றும் பற்சக்கரங்கள் அங்கே எண்ணெயில் தோய்ந்து ஓடுகின்றன. அந்த எண்ணெயை வடிக்கவும் நிரப்பவும் கீழே ஒரு துவாரம்; காற்று வெளியேற மேலே மற்றொன்று. இரண்டையும் இரு திருகாணிகள் அடைக்கின்றன. ஒவ்வொரு திருகாணியின் கழுத்திலும், விரல் நுனியளவுகூட இல்லாத ஒரு வளையம் இருக்கிறது. வாஷர் என்பார்கள். அது நசுங்கிக் கொடுத்தால்தான் கடல் வெளியே நிற்கும்.

ஒருமுறை நசுங்கிய வளையம் பழைய நிலைக்கு மீள்வதில்லை. எண்ணெய் மாற்றுந்தோறும் புதியது போடவேண்டும். பழையதையே போட்டுத் திருகாணியை வன்மையாக முறுக்கினால் அலுமினியப் புரி அறுந்துவிடும். எண்ணெயைக் கீழ்த்துவாரம் வழியாகவே ஏற்றவேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று மேலே போகும். மேல்துவாரத்தில் எண்ணெய் தலைகாட்டியதும் முதலில் மேலதை அடைத்து, அதன்பிறகே கீழதை அடைக்கவேண்டும். வடித்த எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஆனால் குற்றம் எப்போதும் வளையத்தினுடையதன்று. விசிறித்தண்டில் சுற்றிக்கொண்ட நைலோன் வலை இழை, அங்குள்ள அடைப்பை அறுத்தும் நீரை உள்ளே விடும்.

இவ்வளவு சிறிய பொருளுக்கு வரலாறு உண்டா என்று நண்பர்கள் கேட்கலாம். நாம் வாழும் வில்கமுவ கடலைக் காணாத ஊர். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்திலுள்ள இவ்வூரில் கடல் என்பது சந்தைக்கு வரும் கருவாடுதான். ஆனால் நமக்கு அண்மையில் ஓடும் மகாவலி, கொட்டியாரக் குடாவில் போய்க் கடலோடு கலக்கிறது. அக்குடாவின் கரையில்தான் மூதூர் மீனவர் வள்ளம் தள்ளுகின்றனர். அவர்களுடைய உழைப்பை உண்ணும் நாம் அவர்களுடைய கருவியை அறியாதிருப்பது முறையன்று.

நீரைத் தடுக்கும் கலை நம்மவர்க்குப் புதிதன்று. பலகைகளின் இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசிக் கலப்பற்றுச் செய்தவர்கள் அவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கப்பல் முழுவதையும் நீர்புகாமல் காத்த கைகளுக்கு ஒரு திருகாணி எம்மாத்திரம்? வேறுபாடு இதுதான்: கலப்பற்றுக்கான பொருளையும் அறிவையும் கரையிலேயே தேடிக்கொள்ளலாம், வளையம் பிற நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டியிருந்தது.

அந்தத் தொழிற்சாலையின் கதையும் ஓர் உழைப்பாளியின் கதையே. 1881இல் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் துரூவே, மின்விசையால் ஒரு படகைச் சேன் நதியில் ஓட்டிக்காட்டினார். நோர்வேயில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறிய ஒலே எவின்ரூட், பொறிப்பட்டறைகளில் தொழில் கற்றவர். அவர் 1909இல் மில்வோக்கியிலிருந்து விற்கத் தொடங்கிய மோட்டாரின் வலு ஒன்றரைக் குதிரைவலு, எடை 62 இறாத்தல், விலை 62 டொலர். கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய பொறி அது. பெருங்கப்பல்களின் பொறியறையிலிருந்து விசையை எளியவனின் படகுக்கு இறக்கிய பெருமை அதற்கு உண்டு.

இலங்கையில் மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் அரசுத் திட்டம் 1950களின் இறுதியில் தொடங்கியது. மூன்றரைத் தொன் படகுகளுக்கு உள்ளே பொறி அமைந்தது. சிறு வள்ளங்களுக்கு வெளியே தொங்கும் மோட்டார் வந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மதுவிலக்கு இயக்கத்தினரின் துணையோடு காரைநகரில் சீநோர் நிறுவனம் எழுந்து, கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டலாயிற்று. தண்டு வலித்தவன் தோள் ஆறியது; தொலைவுக் கடல் கைக்கெட்டியது. ஆனால் மோட்டார் சும்மா வரவில்லை. பாய்க்குக் காற்று இலவசம். பொறிக்கோ எரிபொருள், எண்ணெய், உதிரிப்பாகம் எல்லாம் காசு. காசு சம்மாட்டியிடம் இருந்தது. கடன்பட்டவன் பிடித்த மீனுக்குக் கடன் கொடுத்தவனே விலை சொன்னான். பொறியை இதற்குக் குறைசொல்வது பேதைமை. அது யார் கையில் இருந்தது என்பதையே நாம் கேட்கவேண்டும்.

பின்னர்ப் போர் வந்தது. வடகடலில் மீன்பிடிக்கும் நேரத்துக்கும், பொறியின் வலுவுக்கும், எரிபொருளுக்கும் தடைகளும் வரம்புகளும் விதிக்கப்பட்டன. வள்ளத்தில் எத்தனை குதிரைவலு தொங்கலாம் என்பது படைத்துறையின் விவகாரமாயிற்று. உள்நாட்டு நீர்நிலைகளில் மீன்பிடித்தோர் நிலையும் இனிதன்று. குளத்து மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு 1990இல் நிறுத்தி, 1994இல்தான் மீண்டும் தொடங்கிற்று.

2009இல் போர் ஓய்ந்தபின் மோட்டார்கள் மீண்டும் முழங்கின. ஈழத்துக் கரைகளில் இவற்றைப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது வழக்கம். 2022இல் நாடு திவாலானபோது அந்த மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே பாய்ச்சலில் ஏறிற்று. ஒருநாள் ஓட்டத்துக்கே கடன் தேடுகிறவன், ஓட்டத்தை நிறுத்தாமல் எதை ஒத்திப்போடுவான்? கியர் எண்ணெயை மாற்றுவதை ஒத்திப்போடுவான். மாற்றினாலும், நசுங்கிப்போன அந்தப் பழைய வளையத்தையே துடைத்து மறுபடியும் போடுவான்.