பெருந்திரள் இணையப் பாத்திர விளையாட்டு: குடாநாட்டிலிருந்து புதிதாக நுழைவோருக்கு

பெருந்திரள் இணையப் பாத்திர விளையாட்டு என்பது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகில் ஆளுக்கொரு பாத்திரமாக உலாவும் கணினி விளையாட்டு வகை. விளையாடுவோர் இதை எம்.எம்.ஓ. என்று சுருக்கிச் சொல்வர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்லைன் கேம் என்றதும் இளையோருக்கு முதலில் நினைவுக்கு வருபவை பப்ஜி, பிரீ பயர் போன்ற சுடும் ஆட்டங்களே. அவற்றில் ஓர் ஆட்டம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த ஆட்டத்தை எல்லோரும் மீண்டும் வெறுங்கையோடு தொடங்குவர். எம்.எம்.ஓ.வுக்கு அப்படியொரு முடிவு கிடையாது. ஆட்டக்காரர் கணினியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போன பின்னும் அந்த உலகம் ஓடிக்கொண்டிருக்கும்: சந்தையில் விலை ஏறி இறங்கும், குழுக்கள் சேரும், பிரியும், சண்டை நடக்கும். திரும்பி வருபவரின் பாத்திரம் விட்ட இடத்திலேயே, சேர்த்த பொருளோடும் பெற்ற திறனோடும் நிற்கும். இப்படி நிற்காமல் ஓடும் உலகில் புதியவர் ஒருவர் நிலைப்பாரா, இரண்டு கிழமையில் விட்டுப் போவாரா என்பதைப் பெரும்பாலும் ஒன்றே தீர்மானிக்கிறது. அவருக்கு நிலையான ஒரு குழு கிடைத்ததா என்பதுதான் அது. கணினியின் வலுவும் விரல்களின் வேகமும் அதற்கு அடுத்தபடியே. குடாநாட்டிலிருந்து விளையாடுவோருக்கு இது மற்ற இடத்தாரைவிடக் கூடுதலாகப் பொருந்தும்.

குழுவே தீர்மானிக்கிறது என்பதற்கு இந்த விளையாட்டுகள் வளர்ந்த விதத்திலேயே சான்று இருக்கிறது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்த 'மட்' என்ற விளையாட்டில் படமே கிடையாது; எல்லாம் எழுத்து. ஆனாலும் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், ஏனென்றால் உள்ளே வேறு ஆட்கள் இருந்தார்கள். 1997இல் அல்டிமா ஒன்லைன், 1998இல் தென்கொரியாவின் லினியேஜ், 1999இல் எவர்குவெஸ்ட், 2001இல் ரூன்ஸ்கேப், 2003இல் ஈவ் ஒன்லைன், 2004இல் வேர்ல்ட் ஒப் வார்கிராப்ட் என்று இந்த வகை பெருகியபோதும் அந்த இயல்பு மாறவில்லை. எவர்குவெஸ்ட்டில் தனியாளாக அலைந்தால் பெரும்பாலான பாத்திரங்களுக்கு வெகுதூரம் போக முடியாது. வேர்ல்ட் ஒப் வார்கிராப்ட்டின் தொடக்க காலத்தில் மோல்டன் கோர் என்ற குகையை வெல்ல நாற்பது பேர் வரை ஒரே நேரத்தில் கூடினார்கள். 2010இல் அந்த விளையாட்டின் சந்தாதாரர் தொகை 1 கோடி 20 இலட்சத்தைத் தொட்டபோது, அவர்களில் பலரைக் கட்டி வைத்திருந்தது 'கில்ட்' எனப்படும் சங்கம்தான்.

புதியவர் உள்ளே போனதும் காண்பது இதற்கு நேர்மாறாகத் தோன்றலாம். முகத்தையும் உடையையும் பெயரையும் தெரிவு செய்யவே முதல் மணி நேரம் போய்விடும். பிறகு தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு நிற்கும் ஊரவர் ஒருவர் பத்து ஓநாயைக் கொன்று வா, ஐந்து மூலிகை பிடுங்கி வா என்று 'குவெஸ்ட்' கொடுப்பார். அதை முடித்தால் சிறிது அனுபவப் புள்ளி, சிறிது காசு, முன்னதைவிடச் சற்று நல்ல செருப்பு. சில நாட்களுக்கு இதுவே நடக்கும். யாருடைய துணையும் தேவைப்படாது. குழுவாகப் போகவேண்டிய முதல் குகை வரும்போதுதான் விளையாட்டின் உண்மையான இலக்கணம் தெரியவரும். எதிரியின் அடியைத் தன்மேல் வாங்குபவர் 'டாங்க்', காயம் ஆற்றுபவர் 'ஹீலர்', மற்றவர்கள் தாக்குபவர்கள். பைனல் பாண்டசி 14 என்ற எம்.எம்.ஓ.வில் சாதாரணக் குழு நால்வர்: ஒரு டாங்க், ஒரு ஹீலர், இரு தாக்குநர். வார்கிராப்ட்டில் ஐவர், அவர்களில் தாக்குநர் மூவர். புதியவர்களில் பெரும்பான்மையோர் வாளும் நெருப்பும் கவர்ச்சியாக இருப்பதால் தாக்குநராகவே தொடங்குகிறார்கள். அதனால்தான் குழு கிடைக்க அவர்களுக்கே அதிக நேரம் காத்திருக்க நேர்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானதும்கூட. 2006இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நிக்கொலா டுஷெனோவும் நிக் யீயும் சகாக்களும் வார்கிராப்ட் ஆட்டக்காரரின் நடமாட்டத்தைக் கணக்கெடுத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்டக்காரர்கள் நேரத்தின் பெரும்பகுதியைத் தனியாகவே கழிக்கிறார்கள், மற்றவர்கள் அவர்களுக்குச் சூழலாகவும் பார்வையாளராகவும் இருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. அதற்குப் பிறகு வந்த விளையாட்டுகளோ தனியாட்டத்தை இன்னும் எளிதாக்கிவிட்டன; பைனல் பாண்டசி 14இன் கதைக் குகைகளைக் கணினி இயக்கும் துணைப் பாத்திரங்களோடே முடித்துவிடலாம். ஆகவே குழு எதற்கு? அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: உச்ச லெவலை நெருங்க நெருங்கக் குழுவாக ஆடும் நேரம் ஏறியது. தனியாக வருபவர் கதையைப் படித்து முடித்தவர் போல ஓரிடத்தில் வந்து நிற்பார். அதற்கு மேல் உள்ளவற்றில் பல மனிதர்களோடு மட்டுமே திறக்கும். கதையோடு நிறைவு காண்பவருக்கு அது போதும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர் விளையாடியது பாத்திர விளையாட்டே தவிர, பெருந்திரள் விளையாட்டு அல்ல.

விளையாட்டை உருவாக்குவோரும் இதை உணர்ந்தே இருக்கிறார்கள். பைனல் பாண்டசி 14இல் புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் தளிர் அடையாளம் தெரியும். அவர் முதன்முதலாகக் காணும் ஒரு குகைக்குள் அவரோடு போகும் எல்லோருக்கும் மேலதிக வெகுமதி உண்டு; அதனால் தெரியாதவரைக் கூட்டிப் போவது பழையவர்களுக்குச் சுமையாவதில்லை, வரும்படியாகிறது. ஈவ் ஒன்லைனில் 2004இலிருந்து ஈவ் யுனிவர்சிட்டி என்ற சங்கம் இயங்குகிறது. ஆட்டக்காரர்களே நடத்தும் அச்சங்கத்தின் வேலை புதியவருக்கு வகுப்பெடுப்பது. கப்பல் ஓட்டுவது, பொருள் விற்பது, தோற்றுப் போவது எல்லாமே அங்கு பாடம்.

குடாநாட்டுக்கு இந்த வகையோடு பழைய உறவு கிடையாது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு இங்கு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பும் சைக்கிள் டைனமோவில் வானொலியுமாகக் கழிந்தன. உலகின் வேறிடங்களில் அல்டிமாவும் எவர்குவெஸ்ட்டும் முதல் தலைமுறையை உருவாக்கிய காலம் அது. 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்து, நகரத்தில் நெற்கபேக்கள் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. தேசிய மின்வலையோடு குடாநாடு மீண்டும் இணைந்ததே போருக்குப் பின்னர்தான். இதன் விளைவு, இன்று இங்கு எம்.எம்.ஓ. தொடங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வழிகாட்ட வீட்டிலோ ஒழுங்கையிலோ மூத்த ஆட்டக்காரர் அநேகமாக இல்லை. நாட்டுக்கூத்தில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு அண்ணாவியார் இருப்பார். குரலையும் உடம்பையும் பார்த்துப் பாத்திரம் கொடுப்பார், தாளக்கட்டைப் பழக்குவார், தடுமாறினால் பின்னாலிருந்து பாடி எடுத்துக் கொடுப்பார். எம்.எம்.ஓ.வில் அந்த இடத்தை நிரப்பக்கூடியது கில்ட் மட்டுமே. மற்ற இடங்களில் நல்ல துணையாக இருப்பது, இங்கே முதல் தேவையாகிறது.

இணைய இணைப்பைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. அது பாதிதான் நியாயம். விளையாட்டின் சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து அது நேர்கோட்டில் ஏறக்குறைய 2,800 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதால், போய்வர ஆகக் குறைந்தது 28 மில்லிசெக்கன் வேண்டும். இலண்டனோ 8,000 கிலோமீற்றருக்கு மேல். 80 மில்லிசெக்கனுக்குக் குறைய வழியே இல்லை. நேர்கோட்டில் யாரும் வடம் போடுவதில்லை என்பதால் உண்மையில் போய்வர ஆகும் நேரம், அதாவது 'பிங்', இவற்றைவிட நன்றாகவே கூடும். சுடும் ஆட்டத்தில் அந்தத் தாமதம் உயிரை வாங்கும். எம்.எம்.ஓ.க்களில் பலவற்றின் துடிப்போ மெதுவானது. ரூன்ஸ்கேப் 0.6 செக்கனுக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கிறது. ஈவ் ஒன்லைன் ஒரு செக்கனுக்கு ஒருமுறை. பைனல் பாண்டசி 14இல் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே வழக்கமாக இரண்டரை செக்கன். இருநூறு மில்லிசெக்கன் தாமதம் இவற்றுள் அமிழ்ந்துவிடும். அல்பியோன் ஒன்லைன் என்ற எம்.எம்.ஓ. 2023இல் ஆசியாவுக்கென்றே தனிச் சேர்வர் தொடங்கியது. அது கைத்தொலைபேசியிலும் ஓடும் என்பதால் நல்ல கணினி இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. பழைய பாணி ரூன்ஸ்கேப்பும் அப்படியே. வார்கிராப்ட், பைனல் பாண்டசி போன்றவை நூறு கிகாபைட்டுக்கு மேல் இடம் கேட்பவை. அவற்றை இறக்க, நள்ளிரவுக்குப் பின் வரும் இரவு டேட்டாவைப் பயன்படுத்துவதே புத்தி. இறக்கிய பின் ஆட்டத்துக்குச் செலவாகும் டேட்டா ஒரு காணொளி பார்ப்பதைவிடக் குறைவு.

தாமதத்தைவிடப் பெரிய இடர் அறுந்துபோவது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்த நிலை இன்று இல்லை, ஆனாலும் ஒரு மழைக்கோ ஒரு கிளை முறிவுக்கோ மின்சாரம் போவது இங்கு புதுமையல்ல. குகையின் நடுவில் தாக்குநர் ஒருவர் மறைந்தால் மற்றவர்கள் சமாளிப்பார்கள். டாங்க் மறைந்தால் சில செக்கன்களில் குழுவே விழும். எனவே ரவுட்டருக்காவது சிறிய யூ.பி.எஸ். வாங்கும்வரை டாங்க் பாத்திரத்தைத் தள்ளி வைப்பது நல்லது. இங்கேயும் அந்நியரோடு ஆடுவதற்கும் அறிந்தவரோடு ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். அறியாதவர்கள் அறுந்துபோனவரை வாக்கெடுத்து வெளியேற்றுவார்கள். கில்ட் நண்பர்கள் "கரண்ட் போட்டுதாக்கும்" என்று காத்திருப்பார்கள்.

பணத்தைப் பற்றியும் தெளிவாக இருக்கவேண்டும். வார்கிராப்ட்டின் மாதச் சந்தா 14.99 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது, சில மாதங்களுக்குள் 360ஐ அண்மித்தது. விளையாட்டு மாறாமலே சந்தா மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்து நானூறு வரை ஏறிவிட்டது. இலவசமாகத் தொடங்கலாம் என்பது உண்மைதான். வார்கிராப்ட்டில் லெவல் 20 வரையும் பைனல் பாண்டசி 14இல் 2023இலிருந்து லெவல் 70 வரையும் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் இரண்டிலும் இலவசக் கணக்குக்கு ஒரு முக்கியக் கதவு பூட்டியிருக்கிறது: கில்டில் சேர முடியாது. எதை விற்றால் ஆட்டக்காரர் காசு கொடுப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள் போலும். ஆகவே இலவசக் காலத்தை நிலத்தைப் பழகும் காலமாகக் கொண்டு, சேரப்போகும் குழுவை டிஸ்கோர்ட் என்ற உரையாடல் செயலி வழியாக முன்னதாகவே கண்டுபிடித்து, அதன்பின் காசு கட்டுவதே முறை.

எந்தக் குழு என்ற கேள்விக்கு முதல் விடை கடிகாரத்தில் இருக்கிறது. மத்திய ஐரோப்பாவில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் 'ரெய்ட்' எனப்படும் பெருங்குழுச் சண்டை இங்கு கோடையில் இரவு பதினொன்றரை, குளிர்காலத்தில் நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை. ரொறன்ரோவின் இரவு எட்டு, இங்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை அல்லது ஆறரை. சிங்கப்பூரின் இரவு எட்டோ மாலை ஐந்தரைதான். வகுப்போ வேலையோ உள்ளவர் ஐரோப்பியக் கில்டில் சேர்ந்தால் ஒரு மாதத்தில் உடம்பு சொல்லிவிடும். இதில் குடாநாட்டுக்கு ஒரு தனிப்பலமும் உண்டு. புலம்பெயர்ந்த உறவுகள் இல்லாத வீடுகள் இங்கு குறைவு. கோடைக்காலச் சனிக்கிழமை மாலை ஆறரை மணி என்பது ரொறன்ரோவில் காலை ஒன்பது, இலண்டனில் பிற்பகல் இரண்டு, பாரிசில் மூன்று. மச்சானும் ஒன்றுவிட்ட தங்கையும் ஒரே குகைக்குள் நிற்கக்கூடிய நேரம் அது. மேலே சொன்ன விளையாட்டுகள் எதிலும் தமிழ் இடைமுகம் இல்லை, குவெஸ்ட் எல்லாம் ஆங்கிலம். ஆனால் குரல் உரையாடலில் "பின்னுக்கு வா", "என்னைக் கொஞ்சம் மாத்து" என்று கூப்பிட்டால் வேலை நடக்கும். ஆங்கிலம் தடக்குகிறது என்று ஒதுங்கி நிற்பவருக்கு உறவினர் குழுவே மிகப் பொருத்தமான வாசல்.

கடைசி மறுப்பு பெற்றோருடையது: குழு கட்டிப்போடும், சாதாரண தரமும் உயர்தரமும் எழுதும் பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள். இதை இலேசாகத் தள்ளக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைநிலையைத் தன் 11ஆவது நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. அது 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் பத்தாமவரைக் கதிரையில் இருத்தி வைக்கும் என்பதும் மெய்யே. ஆயினும் எல்லையில்லாமல் ஓடுவது தனியாட்டம்தான். அதில் நிறுத்து என்று சொல்ல யாருமில்லை. கிழமையில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டரை மணி என்று நேரம் குறித்த கில்டில் தொடக்கமும் முடிவும் தெரியும், சோதனைக்காக மூன்று மாதம் விலகி நிற்கிறேன் என்றால் இடத்தை வைத்திருப்பார்கள். அப்படி வைத்திருக்காத கில்ட், எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், மாணவருக்கு ஏற்றதல்ல. சேருமுன் கேட்கவேண்டியவை மூன்று: எந்தெந்த நாட்கள், வராவிட்டால் என்ன, பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டோரைச் சேர்ப்பீர்களா. நேரத்தில் போலவே ஆட்களிடமும் கவனம் வேண்டும். உன் காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று சந்தையில் கூப்பிடுபவரையும் கடவுச்சொல் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புபவரையும் எந்த விளையாட்டிலும் முதல் கிழமையிலேயே சந்திக்க நேரும். பெண் குரல் கேட்டதும் தொல்லை கொடுப்போரும் உண்டு. அத்தகையோரைத் தடைசெய்யும் பொத்தான் எங்கிருக்கிறது என்பதை முதல் குவெஸ்ட்டுக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.