நடக்கும் வயதும் நிறைந்த வயதும்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, ஒரு முதியவரை அணுகிப் பேரனின் வயது யாதென வினவினால், "பத்து நடக்குது" என்று விடை வரும். அதே பேரனின் பெயரைப் பாடசாலைப் பதிவேட்டிற் பார்த்தால், வயது ஒன்பது என்று எழுதப்பட்டிருக்கும். முதியவரும் பிழை சொல்லவில்லை, பதிவேடும் பிழையன்று. ஒன்று நடக்கும் வயது. மற்றது நிறைந்த வயது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஓராண்டு சிறிய காலமே. ஆயினும் வாக்குரிமை, பாடசாலை அனுமதி, ஓய்வூதியம் ஆகியன அந்த ஓராண்டினால் ஒருவருக்குக் கிடைக்கவும் கூடும். கிடையாமற் போகவும் கூடும்.

வயதை எண்ணுவதில் உலகமெங்கும் ஒரே முறை இருந்ததில்லை. கொரியா நாட்டிலே பிறந்த குழந்தைக்குப் பிறந்த அன்றே வயது ஒன்று. அடுத்த ஆண்டுப் பிறப்பன்று எல்லாருக்கும் ஒருசேர ஒரு வயது கூடும். டிசம்பர் 31ஆம் திகதி பிறந்த குழந்தை மறுநாட் காலையில் இரண்டு வயதினதாகிவிடும். சீனத்திலும் யப்பானிலும் இதே வழக்கு நெடுங்காலம் நிலவியது. யப்பான் 1902ஆம் ஆண்டிலேயே மேனாட்டு முறையைச் சட்டமாக்கியும் மக்கள் பழைய எண்ணிக்கையைக் கைவிடவில்லை. 1950இல் மீண்டும் ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. தென்கொரியா 2023ஆம் ஆண்டு யூன் 28ஆம் திகதி முதல் நீதி, நிருவாகக் காரியங்களுக்கு நிறைந்த வயதையே கொள்வதென விதித்தது.

தமிழர் முறை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் திகதி ஒரு பெண் குழந்தை பிறந்ததெனக் கொள்வோம். 2010ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அவளுக்கு வயது என்ன? மேனாட்டுக் கணக்கில் ஒன்பது. தமிழர் வாய்மொழியில் பத்து. கொரியரின் பழைய கணக்கிற் பதினொன்று. குழந்தை ஒன்று, வயது மூன்று.

இவ்வேற்றுமையின் காரணத்தை மொழியிலேயே காணலாம். 'ஒன்பது வயது' என்பது கடந்து முடிந்த ஆண்டுகளின் தொகை. 'பத்தாம் வயது' என்பது அவள் இப்போது நிற்கும் ஆண்டின் வரிசை எண். குழந்தைக்கு மூன்றாம் வயதில் ஏடு தொடக்குவது என்று சொல்லும்போது, மூன்று ஆண்டு நிறைந்திருக்க வேண்டும் என்று எவரும் பொருள்கொள்வதில்லை. மூன்று நடந்தாற் போதும். சோழர் கல்வெட்டுகளும் அரசனின் ஆட்சியாண்டை இவ்வாறே வரிசைப்படுத்தின. முடிசூடிய ஆண்டே முதலாம் ஆண்டு. அரசனது ஆட்சியிற் சுழியாண்டு என ஒன்று இல்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளை பிறந்த வீட்டிற்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பதும், இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வதும் நாளை வரிசைப்படுத்தி எண்ணும் வழக்குகளே.

கொரியர் பிறந்தவுடன் ஒன்று என எண்ணுவது கருவிலிருந்த காலத்தையும் சேர்த்தே என்று அந்நாட்டிற் பலர் விளக்குவர். கருவிலிருந்த காலத்தைத் தமிழரும் மறந்தவரல்லர்; ஆனால் அதனை வயதிற் சேர்க்கவில்லை, சாதகத்திற் சேர்த்தனர். ஓலைச் சாதகத்தில் 'கர்ப்பச்செல் நீக்கி இருப்பு' என்றொரு தொடர் வரும். நவக்கிரகங்களின் திசைகள் யாவும் கூடி 120 ஆண்டு. அவற்றுள் பிறந்த நட்சத்திரத்திற்குரிய திசையில், பிறக்குமுன்பே சென்றுவிட்ட பகுதியைக் கழித்து, எஞ்சியதையே சோதிடர் கணக்கிற் கொள்வர். மக நட்சத்திரத்தின் பாதி கழிந்தபின் பிறந்த குழந்தைக்கு, ஏழாண்டுக் கேது திசையில் மூன்றரை ஆண்டு கர்ப்பத்திலேயே சென்றதாகும். வயதோ பிறப்பிலிருந்தே தொடங்கும்.

தமிழாண்டுகளின் சுற்றோ அறுபது. 1964ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, வங்கக் கடலிற் தோன்றிய பெரும் புயல் வவுனியா வழியாகக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்தது. அவ்வாண்டின் பெயர் குரோதி. அதே பெயர் அறுபது ஆண்டு சென்று 2024இல் மீண்டும் வந்தது. புயலாண்டிற் பிறந்த ஒருவர், தாம் பிறந்த ஆண்டின் பெயரையே மறுபடியும் கண்டு அறுபது நிறைவு பெறுவார், அதுவே சஷ்டியப்தபூர்த்தி. ஐம்பத்தொன்பது நிறைந்து அறுபது பிறக்கும்போது உக்கிரரத சாந்தி செய்வதும் உண்டு. நடக்கும் அறுபதுக்கு ஒரு சாந்தி, நிறைந்த அறுபதுக்கு ஒரு விழா என முன்னோர் இரண்டையும் பிரித்தறிந்தே வைத்தனர்.

அரசாங்கத்தின் கணக்கு இத்தகைய ஊருக்குள் மெல்ல மெல்லவே நுழைந்தது. 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு வழிவகுத்தது. 1895இல் அது திருத்தமான புதுச் சட்டமாயிற்று. வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னிப் பகுதிகளைப் பற்றிச் சிவில் சேவையாளரான யே. பி. லூயிஸ் எழுதிய நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. காடும் குளமும் காய்ச்சலும் மிகுந்த நிலம்; ஊருக்கும் ஊருக்கும் இடையே வண்டிப்பாதை. பதிவுகாரரிடம் போய் வருவதே ஒரு பயணம். பிறந்த நாளும் நட்சத்திரமும் ஓலையில் இருக்கையில், காகிதத்தில் ஏன் என்று எண்ணியோரும் இருந்திருப்பர்.

முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. 1901ஆம் ஆண்டின் மதிப்பை நடாத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். வயதைத் திட்டமாக அறியாத மக்களிடம் வயது கேட்டால் நேர்வதை இத்தகைய கணக்கெடுப்பாளர் எல்லா நாடுகளிலும் கண்டனர். முப்பது, நாற்பது, ஐம்பது என்ற வயதுகளில் மக்கள் அளவுக்கு மிஞ்சிக் குவிவர்; முப்பத்தொன்றிலும் நாற்பத்தொன்பதிலும் ஆளே குறைந்துவிடும். இந்தியாவில் 1931ஆம் ஆண்டு மதிப்பின்போது, கிட்டிய பிறந்தநாளுக்குரிய வயதைச் சொல்லுமாறு கேட்டுப் பார்த்தனர்.

அதே 1931இல் இலங்கையில் இருபத்தொரு வயது நிறைந்த ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். 1959இல் அவ்வயது பதினெட்டாகக் குறைந்தது. 'இருபத்தொன்று நடக்குது' என்பவர் சட்டத்தின்முன் இருபது வயதினரே. முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளைக்கும் அவ்வாண்டு சனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும். ஐந்து நடப்பது போதாது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் வழியே வந்த தேசிய அடையாள அட்டையோ பிறந்த நாளை எண்ணாகவே பொறித்தது. முற்கூறிய பெண்ணின் அட்டை இலக்கம் 2000 என்று தொடங்கும். டிசம்பர் 20 ஆண்டின் 355ஆம் நாள். பெண்களுக்கு ஐந்நூறு கூட்டும் விதியால் அடுத்து 855 என்று வரும். இந்த நாளெண்ணும் 355 நாள் கடந்தது என்பதன்று, 355ஆவது நாள் என்பதே. நிறைவை வற்புறுத்தும் அரசாங்கமும் இங்கே முதியவரைப்போல நடப்பையே எண்ணுகிறது.

வன்னியிலோ எண்ணிக்கையே நின்றுபோன காலமும் வந்தது. 1981க்குப் பின் குடிசன மதிப்பு இருபதாண்டு நடைபெறவில்லை. 2001இல் நடந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் அதில் அடங்கவில்லை. 2012இலேயே மீண்டும் முழுமையாக எண்ணினர். அந்த முப்பத்தொரு ஆண்டில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, அதிற் பலர் மடிந்தும் போயினர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அள்ளிச் சென்றது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, ஊர்விட்டு ஊர் ஓடிய மக்களிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை, ஓலையும் இல்லை. பதிவு கிடையாதோருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்றொன்று வழங்கப்பட்டு வந்தது. பெயரிலேயே உத்தேசம் என்றிருக்கும் அத்தாளைப் பெறுவதற்கும், யாரேனும் ஒருவர் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவ்வேளையில் தாய்மாரின் கணக்கே துணைநின்றது. புயலுக்கு அடுத்த வருடம், வெள்ளம் வந்த மாரி, இடம்பெயர்ந்த ஐப்பசி, கடல் வந்ததற்கு முந்திய தை என்று அவர்கள் சொன்னவையே திகதிகளாயின. பிள்ளையின் வயதைச் சொல்லும் தாய் 'நிறைந்தது' என்னாமல் 'நடக்குது' என்கிறாள். நிறைந்த வயது ஏட்டுக்கு உரியது. நடக்கும் வயதோ உயிரோடிருக்கும் பிள்ளைக்கு மட்டுமே உரியது. அதனை ஏட்டில் எழுதும்போது ஒன்றைக் கழித்துக்கொள்வது எழுதுவோர் கடமை. அவள் சொல்வதைப் பிழையெனத் தள்ளாதிருப்பதும் அவர் கடமையேயாம்.