துரையின் தூண்டில் பெட்டி

மீன் பிடிக்கப் போகிறவனுக்கு மீன் கிடைக்குமா என்பதுதான் முதல் கவலை என்று நாம் நினைக்கிறோம். வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் தூண்டில் சாஸ்திரங்களைப் புரட்டினால் அது இரண்டாவது கவலைதான் என்று தெரிகிறது. முதல் கவலை, எதையெல்லாம் கையோடு எடுத்துக்கொண்டு போவது என்பது. எத்தனை கழி, எத்தனை கஜம் நூல், எந்த அளவில் முள், எந்த நிறத்தில் எத்தனை பொய் ஈ, மீனை வாரி எடுக்கக் கைவலை, வலையைத் தூக்கிவர ஒரு டவாலிச் சேவகன் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. பெண்ணைப் புக்ககம் அனுப்பச் சீர் சாமான் எடுத்து வைக்கிற வீட்டில்கூட இத்தனை யோசனை நடக்காது.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் தூண்டில் போடுகிறவன் பெட்டி எதுவும் எடுத்துப் போய் நான் பார்த்ததில்லை. வேலியில் வெட்டிய மூங்கில் கழி ஒன்று, நூல், ஒரு தக்கை, முள். வாய்க்காலங்கரையில் ஈர மண்ணைக் கிளறினால் புழு கிடைக்கிறது. விராலுக்குப் போகிறவனாக இருந்தால் தவளைக் குஞ்சு நாலு வேட்டி மடியில் துள்ளிக்கொண்டிருக்கும். குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விரால், கிட்டே வருவது எதுவானாலும் சீறிக்கொண்டு பாயும். செந்நிறமாக மிதக்கும் அந்தக் குஞ்சுக் கூட்டம் எங்கே திரிகிறது என்பது ஊர்ப் பையன்களுக்குத் தெரியும். அந்தத் தகவல்தான் அவர்களுடைய பெட்டி. குஞ்சுகளை அநாதையாக்கும் பாவத்தைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்கிற வயசில்லை.

இந்த இரண்டு வகை மூட்டைகளுக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். பெயர் ஹென்றி ஸல்லிவன் தாமஸ். சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்தவர். தென் கன்னட ஜில்லாவில் கலெக்டராக இருந்தவர். 1873-ல் மங்களூர் பாஸல் மிஷன் அச்சகத்தில் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை அச்சிட்டார். இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்று சொல்லும் புத்தகம். 1881-லும் 1897-லும் மறுபடி பதிப்பித்தார்கள் என்றால் எத்தனை துரைமார்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். இடையில் 1887-ல், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு புத்தகம் எழுதினார். நம் ஜில்லாவுக்கும் அவருக்கும் ஒரு பந்தம் உண்டு. பசலி 1294-ல் தஞ்சாவூர் மிராசுதார்களுக்குக் கொடுத்த நிலவரி வஜாவைப் பற்றி அறிக்கை எழுதியவர் இதே தாமஸ்தான். வரியையும் வாய்க்காலையும் ஒரே கண்ணால் பார்த்த மனிதர்.

தாமஸ் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறி வந்த தூண்டில் பெட்டிகள் இந்திய ஆற்றில் அவமானப்பட்டுக்கொண்டிருந்தன.

ஈத்தூண்டில் என்ற வித்தையை இங்கே சற்று விளக்க வேண்டும். முள்ளில் புழுவைக் கோக்கிறதில்லை. முள்ளைச் சுற்றிப் பட்டு நூலும் பறவை இறகும் கட்டி, ஈயோ விட்டிலோ தண்ணீரில் விழுந்து தத்தளிப்பது போல் ஒரு பாவனை செய்கிறார்கள். அதற்கு எடை கிடையாது, ஊதினால் பறந்துவிடும். எடையெல்லாம் நூலில் இருக்கிறது. கழியை முன்னும் பின்னும் வீசி, நூலைச் சாட்டை போல் ஆகாயத்தில் விரித்து, நுனியில் உள்ள ஈயைப் பூப்போல் தண்ணீரில் இறக்க வேண்டும். நூலின் கனமும் கழியின் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் ஈ, வீசினவனுடைய காதில்தான் மாட்டும். அதனால்தான் சாமான் விஷயத்தில் அத்தனை கவலை.

வித்தை பழையது. மாசிடோனியர்கள் முள்ளில் செந்நிறக் கம்பளியும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை ரோமாபுரிக்காரரான ஏலியன் எழுதியிருக்கிறார். ஐஸக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் 1653-ல் வந்தது. அதற்கு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே, கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், 'மானஸோல்லாஸம்' என்ற தன் சமஸ்கிருத நூலில் மீன் வினோதம் என்று ஒரு பகுதியே வைத்திருக்கிறான். கழி எப்படி இருக்க வேண்டும், கயிறு எப்படித் திரிக்க வேண்டும், எந்த மீனுக்கு எந்த இரை என்றெல்லாம் ராஜா விஸ்தாரமாகச் சொல்கிறான். ராஜாவுக்கும் கலெக்டருக்கும் ஓய்வு இருந்தது. இரண்டு பேருமே எதை எடுத்துப் போவது என்றுதான் யோசித்தார்கள்.

தாமஸ் கண்ட சங்கடம் இதுதான். ஸ்காட்லாந்து ஸால்மன் மீனுக்காகச் செய்த முள்ளை மேல்காவேரியில் போட்டால் மஹ்ஸீர் என்ற மீன் அதை வாயிலேயே நசுக்கித் துப்பிவிட்டது. மஹ்ஸீர் நம் கெண்டைக்குப் பெரியப்பா முறை. உதட்டில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. ஆனாலும் வாயை இறுக்கினால் எஃகு முள் கம்பியாகிவிடும். முள்ளை உணர்ந்த மாத்திரத்தில் அது ஓடுகிற ஓட்டத்தில் நூறு கஜம் நூல் காலியாகிவிடும். இந்தக் காவேரி மஹ்ஸீர் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1946 மார்ச்சில் காவேரியின் உபநதியான கபினியில், மைசூரில் மிருகங்களைப் பாடம் செய்து வைக்கும் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் பிடித்த மீனின் எடை 120 ராத்தல். நம்மில் பலரை விடக் கனம். அதற்கு முன்னால் பூப்போல் இறங்குகிற ஈ என்ன செய்யும்? தடித்த முள், நீளமான நூல், ஈயை விடச் சில இடங்களில் கரண்டியே மேல் என்று தாமஸ் எழுதினார். கரண்டி என்றால் தண்ணீரில் சுழன்று பளபளக்கும் ஓர் உலோக இலை. உயர்ந்த ஈத்தூண்டில்காரர்களுக்கு அது அனாசாரம். ஆனால் மீன் ஆசாரம் பார்ப்பதில்லை.

நூலின் நுனியும் இங்கே வந்து கெட்டது. அந்தக் காலத்தில் நைலான் கிடையாது. ஸ்பெயின் தேசத்தில் பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி உலர்த்திய நரம்பைத்தான் ஈக்கு முன்னால் கட்டினார்கள். வீசுவதற்கு முன் அதை ஊறவைக்க வேண்டும். ஊறவைக்காமல் வளைத்தால் ஒடிந்துபோகும். நம் சித்திரை வெயிலில் ஒரு பருவம் பெட்டியில் கிடந்தால் அதை நம்ப முடியாது. ஆகவே புது நரம்பு எவ்வளவு வாங்கி வைப்பது என்பதும் ஒரு கணக்காயிற்று.

எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் ரசித்த சங்கதி வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பட்டை பட்டையாகச் சீவி ஒட்டிய உயர்ந்த தூண்டில் கழிகளுக்குக் 'கல்கத்தா மூங்கில்' என்ற இந்திய மூங்கிலைத்தான் வாங்கினார்கள். சீனத்து டாங்கின் மூங்கில் பிற்பாடுதான் வந்தது. ஸால்மன் மீனுக்குக் கட்டும் அலங்கார ஈக்களில் கண் போல் மின்னும் ஓர் இறகு உண்டு. அது நம் மேற்கு மலைக் காடுகளில் கூவுகிற சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகு. மெழுகு பூசிய மாதிரிப் புள்ளி அதில் இருக்கும். நம் மூங்கிலும் நம் சேவலும் சீமைக்குப் போய், அங்கே விலை ஏறி, மறுபடி நம் ஆற்றங்கரைக்குத் துரையின் பெட்டியில் வந்து இறங்கின. பருத்தி போய்த் துணியாகத் திரும்பிய கதைதான். ஆனால் இந்த யாத்திரையைப் பற்றி யாரும் மேடையில் பேசினதில்லை. காட்டுச் சேவலை இப்போது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது.

மஹ்ஸீர் தஞ்சாவூர் வரை இறங்கி வருவதில்லை. அதற்குப் பாறையும் சுழலும் வேண்டும். நம்மிடம் இருப்பது வண்டலும் மதகும். புது வெள்ளம் வரும்போது காவேரி காப்பி நிறத்தில் ஓடும். அதில் ஈயை மிதக்கவிட்டால் மீன் எப்படிப் பார்க்கும்? தை பிறந்து தண்ணீர் தெளிந்த பிறகு, வெள்ளிச்சி மாதிரிப் பொடி மீன்கள் மேலே வந்து கொசுவைக் கொத்தும். அதற்கு மிகச் சின்ன ஈ போதும். ஆனால் கழி, சுருளை, சேவகன் சகிதமாக வந்து விரல் நீள மீனைப் பிடித்துக்கொண்டு போக எந்தத் துரைக்கும் மனம் வராது அல்லவா? அவர்கள் மலைக்குப் போனார்கள். நீலகிரி ஓடைகளில் ட்ரௌட் மீனை வளர்க்க டாக்டர் பிரான்ஸிஸ் டே என்பவர் 1863-ல் முயன்றார், பலிக்கவில்லை. விடாமல் முயன்று, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்து நிலைக்கச் செய்தார்கள். ஆற்றுக்கு ஏற்ற தூண்டிலைத் தேடி அலுத்தவர்கள், தூண்டிலுக்கு ஏற்ற மீனை ஆற்றில் கொண்டுவந்து விட்டார்கள். ராஜாங்கம் கையில் இருந்தால் இப்படியும் செய்யலாம்.

இதுவரை வேடிக்கை. இனிமேல் வேடிக்கை குறைவு.

மேலே சொன்ன டே சாமானியர் இல்லை. இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பாகம் பாகமாக அவர் வெளியிட்ட நூலை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். நதிகளின் குறுக்கே சர்க்கார் கட்டிய அணைகளால் மீனுக்குக் கெடுதல் உண்டா என்று விசாரிக்கும் வேலை அவரிடம் வந்தது. கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் 1836-ல் எழுந்தவை. ஸர் ஆர்தர் காட்டனின் வேலை. டெல்டாவின் நெல்லுக்கு அவை செய்த உபகாரத்தை மறுக்க முடியாது. நானும் அந்த நெல்லைத் தின்று வளர்ந்தவன். ஆனால் வெள்ளக் காலத்தில் கடலிலிருந்து ஏறி வந்து ஆற்றில் முட்டையிடுகிற உல்லம் மீனுக்கு வழியில் ஒரு சுவர் முளைத்தது. வங்காளிகள் இலிஷ் என்று உருகுவார்களே, அதே மீன்தான்.

விசாரணையில் சுவரைப் பற்றிப் பேச்சு வந்தது. அதோடு கூடையைப் பற்றியும் வந்தது. டேயும் தாமஸும் மீன் குறைவதற்குச் சொன்ன முக்கியமான காரணங்கள், கண் சிறுத்த வலை, மடைவாயில் வைக்கும் பொறி, ஆற்றில் கலக்கும் நஞ்சு. நஞ்சு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. அதில் குஞ்சும் குளுவானும் சேர்ந்து சாகும். தாமஸ் 1870-லேயே தென் கன்னடத்து மீன் வளர்ப்பைப் பற்றி எழுதிய அறிக்கையில் குஞ்சுகள் அழிவதைப் பற்றி வருந்தினார். அந்த வருத்தத்தில் கள்ளம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1897-ல் இந்திய மீன்பிடிச் சட்டம் வந்தது. வெடிக்கும் நஞ்சுக்கும் தடை. நிலத்தில் ஊன்றி வைக்கும் பொறியையும், வலைக் கண்ணின் அளவையும் கட்டுப்படுத்த மாகாண சர்க்கார்களுக்கு அதிகாரம்.

ஊன்றி வைக்கும் பொறி என்று சட்டம் சொன்னது வேறு எதையுமல்ல, நம் பறியைத்தான். அறுவடை நெருங்கி வயலில் தண்ணீரை வடிக்கும்போது மடையில் பறியைச் சொருகி வைத்தால், விடிவதற்குள் ஒரு குழம்புக்குக் கெளுத்தியும் குரவையும் விழும். குளம் வற்றும் நாளில் முழங்கால் சேற்றில் ஊத்தாவைக் கவிழ்த்துக் கவிழ்த்து, மேல் வாயில் கையை விட்டு விராலைத் துழாவி எடுப்பார்கள். இரண்டும் மூங்கில் சிம்பில் முடைந்தவை. கூலியாகக் கிடைத்த நெல்லுக்குத் தொட்டுக்கொள்ள வேறு என்ன இருந்தது அந்த வீடுகளில்? எதை எடுத்துப் போவது என்று ஒரு துரை தன் கூடாரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு யோசித்த அதே வருஷங்களில், எதை எடுத்துப் போகலாம் என்று இன்னொருவனுக்கு விதி எழுத மேஜையில் காகிதம் விரிந்திருந்தது. இரண்டையும் யோசித்தது ஒரே தலை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

உல்லத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சர்க்காருக்கும் தோன்றியது. 1909-ல் மீன் நிபுணர் எச். ஸி. வில்ஸன் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார். இந்தியாவில் அந்த மீனுக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பிறகு 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது, வெள்ளம் அடங்கியது, கொள்ளிடத்து உல்லம் பெயரளவுக்கு வந்துவிட்டது. காவேரி மஹ்ஸீருக்கும் நல்ல காலம் இல்லை. முதுகு திமில் போல் எழுந்த அந்த இனத்தை 2018-ல் முற்றிலும் அழியும் தறுவாயில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது கரித்தூள் இழையில் செய்த, காற்றைப் போல் கனமில்லாத கழிகள் கடையில் கிடைக்கின்றன. முள்ளின் மீசையை நசுக்கிவிட்டு மீன் பிடித்து, போட்டோ எடுத்துத் திரும்ப ஆற்றில் விடுகிறார்கள். பெட்டியில் புதிதாகச் சேர்ந்திருப்பது காமிரா.

சென்ற ஆடியில் அணைக்கரைப் பாலத்தருகே மீன் விற்கிற ஓர் அம்மாளிடம் உல்லம் வருகிறதா என்று கேட்டேன். அலுமினியத் தட்டில் கெண்டையும் ஜிலேபியும் அடுக்கி வைத்திருந்தாள்.

"அது எங்க தாத்தா காலத்துல வருமாங்க. நான் கண்ணால பார்த்ததில்லீங்க" என்றாள். பிறகு, "விரால் இருக்கு, உசிரோட இருக்கு, பார்க்கிறீங்களா?" என்று பக்கத்துக் கூடையின் மூடியைத் திறந்தாள். மூங்கில் கூடை. பழைய ஊத்தாவின் வாயை அடைத்துச் செய்தது.