உருகிய கார உலோகங்களின் கலப்பு

1807 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஹம்பிரி டேவி என்னும் அறிஞர், உருகிய காரங்களூடே மின்னோட்டத்தைச் செலுத்திப் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். இரண்டையும் ஒருங்கு சேர்ப்பின் அவை சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாதலையும் அவரே கண்டார்.

இது வியத்தற்குரியது. சோடியம் உருகுவது ஏறத்தாழ 98 பாகை செல்சியசில். பொற்றாசியம் உருகுவது 63.5 பாகையில். கண்டி மாநகரின் நண்பகல் வெம்மையிலும் இவை தனித்தனியே திண்மங்களே. ஆயினும், நிறையில் 78 விழுக்காடு பொற்றாசியமும் 22 விழுக்காடு சோடியமும் கலந்த கலவை −12.6 பாகை வரை உறையாது. நுவரெலியாவிற் புல்நுனியில் உறைபனி படியும் தைமாத விடியலிலும் அது பாதரசம் போல் ஓடும்.

ஒரே குடும்பத்து உலோகங்கள் யாவும் இவ்வாறு இணங்குமோ எனின், இணங்கா. இலிதியமும் சோடியமும் உருகிய பின்னரும் எண்ணெயும் நீரும் போல ஈரடுக்காய் நிற்கும். இலேசான இலிதியம் மேலே மிதக்கும். ஏறத்தாழ 300 பாகையைக் கடந்த பின்னரே அவை எவ்விகிதத்திலும் கலக்கும். இலிதிய அணுக்களிடையேயுள்ள பிணைப்பு வலியதாதலின், அவை அயல் அணுக்களுக்கு எளிதில் இடங்கொடா.

இவ்வறிவு இருபதாம் நூற்றாண்டில் அணு உலைகளுக்குப் பயன்பட்டது. வேக ஈனுலைக்கு, வெப்பத்தை விரைந்து கடத்துவதும் நியூத்திரன்களின் வேகத்தைப் பெரிதும் குறைக்காததுமான திரவம் வேண்டும். 1951 திசம்பர் 20 அன்று, அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில், சோடிய-பொற்றாசியக் கலவையாற் குளிர்விக்கப்பட்ட உலையொன்று நான்கு மின்குமிழ்களை ஒளிரச் செய்தது. 1959 இல் இயங்கத் தொடங்கிய ஸ்கொத்லாந்தின் டூன்ரே உலையும் அக்கலவையையே கையாண்டது.

ஆயினும் கலவையின் நற்குணமே அதன் தீங்குமாகும். கசிந்தவிடத்து அது உறைந்து நில்லாது, காற்றிலே தீப்பற்றும். டூன்ரே உலை 1977 இல் மூடப்பட்ட பின்னரும், எஞ்சிய உலோகத்தைத் தீங்கின்றி அழிக்கும் பணி பல்லாண்டுகள் நீடித்தது.

தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் 1985 ஒக்ரோபர் 18 இல் முதன்முதல் தொடர்வினை எய்திய சோதனை ஈனுலையோ, கலப்பற்ற சோடியத்தைக் கொண்டது. உறையாதிருக்கக் குழாய்களைச் சூடேற்றி வைத்தல் அதன் சுமை. கலவையினும் மிகுதியாய் வெப்பத்தைக் கடத்துதல் அதன் பயன்.

கலப்பினால் வரும் எளிமை ஒன்று. அதற்குக் கொடுக்கும் விலை மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பதே விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இவ்வரலாறு தரும் பாடமாகும்.